களியக்காவிளைப் பக்கத்து அங்காடி மருந்துக் கடை: மூக்கடைப்புக்கும் பிள்ளைச் சளிக்கும் எதை வாங்கலாம், எதை விடலாம்

குமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டி மார்த்தாண்டம் முதல் களியக்காவிளை வரையுள்ள அங்காடி மருந்துக் கடைகளில், அதாவது நாட்டு மருந்துக் கடைகளில், ஒரு வசதி உண்டு. சித்த மருந்தும் மலையாளத்து ஆயுர்வேதமும் ஒரே அலமாரியில் இருக்கும். நீர்க்கோவை மாத்திரைக்குப் பக்கத்தில் ராஸ்னாதிப் பொடி, கபசுரக் குடிநீர்ச் சூரணத்தை ஒட்டி மூக்கில் விடும் எண்ணெயான அணுதைலம். "சைனஸுக்கு என்னமாவது தாங்க" என்று கேட்டால் மேசை நிறையப் பரப்பிவிடுவார்கள். எடுத்துத் தருமுன் "பிள்ளைக்கு எத்தனை வயசு?" என்று கேட்கிற கடைதான் நல்ல கடை.

இருப்பதிலேயே காசுக்குத் தகுந்த பொருள் மருந்தே அல்ல, மூக்கு கழுவும் நேத்திப் பாத்திரம். செம்பிலும் பித்தளையிலும் பளபளவென்று வைத்திருப்பார்கள். வாங்க வேண்டாம், உப்புத் தண்ணீர் பட்டால் களிம்பு ஏறும். பீங்கானோ ஸ்டீலோ போதும். மூக்குக்குழாயின் நுனி மழுங்கலாக, நாசித் துவாரத்தை அடைக்கும் பருமனில் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நுனி மெலிந்திருந்தால் தண்ணீர் வெளியே வழியும், உள்ளே போகாது.

அளவு இதுதான்: 1 லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு. தராசு இல்லாவிட்டால் 250 மில்லிக்கு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாகத் தூள் உப்பு. கல் உப்பைப் பொடிக்காமல் அளந்தால் கணக்கு தப்பும். கடைக்காரர் இந்துப்பைத்தான் சிபாரிசு செய்வார். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். கரைத்து, அடியில் தங்கும் மண்ணை வடிகட்டினால் சரி. உப்பு குறைந்தாலும் எரியும், கூடினாலும் எரியும். வெறும் தண்ணீர் விட்டால் நெற்றிப் பொட்டு வரை சுள்ளென்று இழுப்பது உப்பில்லாததால்தான்.

தண்ணீர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. மூளையைத் தின்னும் அமீபா என்று சொல்லப்படும் நெக்லேரியா ஃபௌலெரி மூக்கு வழியாகத்தான் மூளைக்கு ஏறுகிறது, குடித்தால் வராது. 2024இலும் 2025இலும் எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சலால் குழந்தைகள் உட்படப் பலர் பாதிக்கப்பட்டார்கள், இறப்புகளும் நேர்ந்தன. எனவே கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதித்து, மூடிவைத்து, கைச்சூட்டுக்கு ஆறியதுதான் மூக்குக்குள் போக வேண்டும். மிஞ்சியதை மறுநாளைக்கு வைக்காதீர்கள். பாத்திரத்தையும் கழுவிக் காயவையுங்கள்.

தொட்டிமேல் குனிந்து, தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து வாயால் மூச்சு விட்டபடி, மேல்பக்க நாசியில் பாதித் தண்ணீர், பிறகு மறுபக்கம். முடிந்ததும் குனிந்தபடியே இரு நாசியையும் திறந்துவைத்து மெல்லச் சிந்த வேண்டும். ஒரு பக்கத்தைப் பொத்திக்கொண்டு பலமாகச் சிந்துகிறவர்களுக்குத்தான் அந்தத் தண்ணீர் காதுக்குள் போய் அடைத்துக்கொள்கிறது. கைக்குழந்தைக்கு இதெல்லாம் கிடையாது. இங்கிலீஷ் மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தைப் பால் கொடுக்குமுன் சில துளி விட்டால் போதும்.

ராஸ்னாதிப் பொடி: குளித்துத் துவட்டியதும் உச்சியில் ஒரு சிட்டிகை. சளியைத் தடுக்கும் என்பதற்குப் பலமான சான்று இல்லை, கெடுதலும் பெரிதாக இல்லை. உச்சிக்குழி மூடாத பிள்ளைக்கு அழுத்தித் தேய்க்காதீர்கள், முகத்தருகே தூசு பறக்கவும் விடாதீர்கள். நீர்க்கோவை மாத்திரையை வெந்நீரில் உரைத்து நெற்றியில் பற்றுப் போடுவது பெரியவர்களுக்கு இதமாக இருக்கும். கண்ணருகே வேண்டாம்.

அணுதைலத்தைப் பிள்ளைகளுக்கு வாங்கவே கூடாது. எண்ணெய் இருமலைத் தூண்டாமல் நைசாக நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுவிடலாம். கற்பூரம் சேர்ந்த தைலங்களிலும் கவனம் வேண்டும்; 2 வயதுக்குக் கீழே தடவ வேண்டாம், விழுங்கினால் எந்த வயதிலும் வலிப்பு வரலாம். நொச்சி இலை ஆவி பெரியவர்களோடு நிற்கட்டும். பிள்ளைக்கு ஆவி பிடிக்கப் போய், சட்டி கவிழ்ந்து தொடை வெந்துபோவதுதான் மிச்சம்.

கல்லில் உரைத்துப் பிள்ளைக்குப் புகட்ட 'உரைமருந்து செட்' என்று வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய், கடுக்காய், சுக்கு கட்டித் தருவார்கள். சரக்கு நன்றாகவே இருந்தாலும் வாங்கச் சொல்ல மாட்டோம். கல்லில் ஓர் உரை என்பது ஆளுக்கு ஆள், கைக்குக் கை அளவு மாறும். வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் காரணமாக அமெரிக்கா 1968லேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டது. ஜாதிக்காய் கூடினால் பிள்ளை மயங்கித் தூங்கும், வீட்டார் 'நல்லா உறங்குது' என்பார்கள். 6 மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம். வசம்பு வளையலும் வேண்டாம், நூல் அறுந்து மணி தொண்டையில் போகும்.

இருமலுக்கு மார்த்தாண்டம் தேன் வாங்கலாம்: ஒரு வயது நிறைந்த பிள்ளைக்குப் படுக்குமுன் அரை முதல் ஒரு டீஸ்பூன். ஒரு வயதுக்குள் தொட்டுக்கூட வைக்கக் கூடாது, பாட்டுலிசம் என்ற நரம்பு முடக்க நோய் வரலாம். தேன் உறைந்திருந்தால் கலப்படம் என்று திருப்பிக் கொடுக்காதீர்கள், அது இயல்பு. மலையாளக் கரையில் பனிக்கூர்க்கா எனப்படும் கற்பூரவல்லிக்குக் காசு கொடுப்பது வீண். ஒரு கொம்பை ஒடித்து நட்டால் போதும்.

கடைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கட்டங்கள் உண்டு. பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40, அல்லது அதற்கு மேல் என்றால் காத்திருக்காதீர்கள். விலா உள்வாங்கினாலும், கண்ணைச் சுற்றி வீங்கினாலும், சளி 10 நாளுக்கு மேல் குறையாமல் நின்றாலும், குறைந்து மறுபடி காய்ச்சலோடு திரும்பினாலும் அப்படியே. ஒரே நாசியில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் சைனஸ் என்று பொடி வாங்காதீர்கள். பெரும்பாலும் உள்ளே ஒரு பயறோ புளியங்கொட்டையோ ஊறிக்கொண்டிருக்கும்.