எஸ்டீமில் 252 டிகிரி கேம்: பல வருடம் ஓட்டிய பிறகு

மாருதி எஸ்டீம் வைத்திருப்பவர்கள் எஞ்சினில் கை வைக்க நினைத்தால் சீக்கிரமே, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் (சுருக்கமாகக் கேம்) பேச்சுக்கு வந்துவிடுவார்கள். என் எம்.பி.எஃப்.ஐ. எஸ்டீமில் ரீகிரைண்ட் செய்த, அதாவது திரும்ப அரைத்து வடிவம் மாற்றிய, 252 டிகிரி கேம் பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கோவைக்குள் தினசரி அலுவலகம், விடுமுறையில் வால்பாறை, இடையில் எப்போதாவது பாலக்காடு. கேம் வாங்கும்போது இந்த ஓட்டத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எத்தனை பிஎச்பி ஏறும் என்பதெல்லாம் அப்புறம்.

எஞ்சின் ஜி13பிபி. 1298 சிசி, 16 வால்வு, ஒற்றைக் கேம், கம்பெனிக் கணக்கில் 85 பிஎச்பி. ஒரே ஷாஃப்ட்டில் இன்டேக், எக்ஸாஸ்ட் லோபுகள் (வால்வை அழுத்தும் மேடுகள்) இரண்டும் இருப்பதால் அவற்றுக்கு இடையிலான கோணம் கிரைண்டிங்கிலேயே முடிவாகிவிடும். டபுள் கேம் எஞ்சினில் பிறகு நகர்த்திக்கொள்ளலாம், இதில் முடியாது. அதனால் பட்டறைக்குப் போகும் முன்பே தெளிவாக இருக்க வேண்டும்.

என் முன்னால் இரண்டு அளவுகள் இருந்தன. ஒன்று 280 டிகிரி, இன்னொன்று 252. வால்வு திறந்திருக்கும்போது கிராங்க் எத்தனை டிகிரி சுற்றுகிறது என்பதுதான் இந்த எண். நண்பர் ஒருவர் ஜிப்ஸி வைத்திருக்கிறார், அதே ஜி13பிபி எஞ்சின், அதில் 280 போட்டிருந்தார். செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில் அதை ஓட்டிப் பார்த்தேன். 4500 ஆர்பிஎம் தாண்டியதும் சீட்டோடு சேர்த்துத் தள்ளியது, அப்படி ஒரு இழுப்பு. அதே வண்டியை லட்சுமி மில்ஸ் சிக்னலில் இரண்டாவது கியரில் உருட்டினால் குலுங்கிக் குலுங்கித்தான் நகரும். ஏசி போட்டால் ஐடிலிங் நிற்காது. "ரேஸ் கேம் போட்டா ரேஸ் மாதிரி ஓட்டணும் தம்பி, சிக்னல்ல நின்னு போறதுக்கு அது ஆகாது" என்றார் என் மெக்கானிக் அண்ணன்.

காரணம் இன்டேக் வால்வு மூடும் நேரத்தில் இருக்கிறது. அந்த 280 கேமில் பிஸ்டன் அடிமட்டத்தைத் தாண்டி 66 டிகிரி ஏறிய பிறகுதான் இன்டேக் வால்வு மூடும். என் கேமில் அது 56. வேகத்தில் உள்ளே பாயும் காற்றுக்கு உந்தம் இருப்பதால், பிஸ்டன் மேலே வந்தாலும் சிலிண்டர் நிறைந்துகொண்டே இருக்கும். 2000 ஆர்பிஎம்மில் அந்த உந்தம் கிடையாது. இழுத்த கலவையில் ஒரு பகுதியைப் பிஸ்டன் மானிஃபோல்டுக்கே (காற்று வரும் குழாய்க்கே) திருப்பித் தள்ளிவிடும். கம்ப்ரஷன் காகிதத்தில் எவ்வளவு இருந்தாலும் சிலிண்டருக்குள் கிடைப்பது குறைவுதான். பெரிய கேம் போட்டு "பிக்கப்பே போச்சு" என்று புலம்புபவர்களுக்கு நடப்பது இதுதான்.

ஓவர்லேப் அடுத்த விஷயம். என் கேமில் 32 டிகிரி, அந்த 280இல் 68. இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடினால் ஐடிலிங்கில் மானிஃபோல்டின் வேக்கம் (உறிஞ்சும் இழுப்பு) விழும். இந்த எஞ்சினின் ஈசிஎம் (எஞ்சின் கம்ப்யூட்டர்), மேப் சென்சார் சொல்லும் மானிஃபோல்டு அழுத்தத்தை வைத்துத்தான் பெட்ரோலைக் கணக்கிடுகிறது. வேக்கம் விழுந்தால் எஞ்சினுக்கு லோடு ஏறிவிட்டது என்று நினைத்துக் கூடுதலாக ஊற்றும். பிரேக் பூஸ்டரும் அதே வேக்கத்தை நம்பித்தான் இருக்கிறது. என் வண்டியில் கேம் மாற்றிய பிறகு கேஜில் இரண்டு இன்ச் வேக்கம்தான் குறைந்தது. ஸ்டாக் ஈசிஎம் அதைச் சமாளித்துக்கொண்டது.

கேம் விளம்பரத்தில் வெறும் டிகிரியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒருவர் வால்வு அசையத் தொடங்கும் இடத்திலிருந்து அளப்பார், இன்னொருவர் 1 மி.மீ. லிஃப்ட்டில் (எழும்பிய அளவில்) அளப்பார், அமெரிக்கக் கேம் என்றால் 0.050 இன்ச்சில் அளந்த கணக்கும் கொடுப்பார்கள். ஒரே கேமுக்கு மூன்று எண் வரும். எந்த லிஃப்ட்டில் அளந்தது என்று கேட்டு, கேம் கார்டை (கேமின் அளவுகள் போட்ட சீட்டை) எழுத்தில் வாங்குங்கள்.

பொருத்தும் நாளில் நிதானம் வேண்டும். நான் ஹெட்டைக் கொஞ்சம் ஸ்கிம்மிங் செய்து (அடிப்பக்கத்தைச் சீவி) கம்ப்ரஷனை ஏற்றியிருந்தேன். ஹெட் கீழே இறங்கினால் கேமும் கிராங்கை நெருங்கும், பெல்ட் எஞ்சினில் கேம் டைமிங் சற்றுப் பின்தங்கும். கம்பெனி மார்க்கில் வைத்து மூடிவிட்டால் இது தெரியாது. முதல் பிளக் ஓட்டையில் பிஸ்டன் ஸ்டாப் போட்டு உண்மையான டி.டி.சி.யை (பிஸ்டன் மேல் உச்சியில் நிற்கும் இடத்தை) கண்டுபிடித்து, கிராங்கில் டிகிரி வீல், இன்டேக் வால்வு மேல் டயல் கேஜ் வைத்தோம். லோபின் உச்சி தட்டையாக இருப்பதால் ஊசி அங்கே கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும், உச்சியை நேராகப் படிக்க முடியாது. லிஃப்ட் உச்சியை விட 1 மி.மீ. குறைவாக இருக்கும் இடத்தை முன்னும் பின்னும் படித்தோம்: டி.டி.சி.க்குப் பின் 86, 142 டிகிரி. நடு 114. கார்டு சொன்னது 110. அட்ஜஸ்டபிள் புல்லியை 3 டிகிரி முன்னே நகர்த்தினோம். கிராங்கில் அது 6 டிகிரி, ஆக 108இல் வைத்து இறுக்கினோம். கார்டை விட 2 டிகிரி முன்னே வைத்தது வேண்டுமென்றே, சிக்னலில் கிளம்பும் இழுப்புக்காக. கிராங்கை எப்போதும் எஞ்சின் சுற்றும் திசையிலேயே சுற்றிப் படிக்க வேண்டும், பின்னோக்கிச் சுற்றினால் பெல்ட் தளர்வு கணக்கைக் கெடுத்துவிடும். பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியையும் பார்த்தோம். இன்டேக்கில் 1.5, எக்ஸாஸ்ட்டில் 2 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

கோவையில் இந்த வேலை தெரிந்த கைகள் இருப்பது நம் அதிர்ஷ்டம். மாருதி எஞ்சினை வைத்து இங்கேயே ஒற்றை இருக்கை ரேஸ் கார்கள் கட்டிய கரிவரதனுக்கு இந்த ஊர் பட்டறைகள் நிறையக் கடன்பட்டிருக்கின்றன. ஆனாலும் எல்லோரும் ஒன்றல்ல. தெரிந்தவர் ஒருவரின் கேமை எங்கேயோ ஆழமாக அரைத்துக் கடினமான மேல்தோலையே எடுத்துவிட்டார்கள். சில மாதத்தில் ஒரு லோப் தேய்ந்து லிஃப்ட் பாதியானது. அரைத்த பிறகு கடினத்தன்மையைச் சோதித்தார்களா என்று கேளுங்கள், பதில் மழுப்பலாக வந்தால் கிளம்பிவிடுங்கள்.

ஓட்டத்தில் என்ன வித்தியாசம்? 3000 முதல் 6000 வரை நன்றாக இழுக்கிறது. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் முன்பு முதல் கியருக்கு இறங்கிய சில இடங்களை இப்போது இரண்டாவதிலேயே எடுக்கிறேன். 2000க்குக் கீழே ஸ்டாக்கை விட லேசான சோர்வு உண்டு. நகருக்குள் மைலேஜ் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் குறைந்தது, ஹைவேயில் மாற்றம் தெரியவில்லை. புகைச் சோதனையில் எச்.சி. (எரியாத பெட்ரோல்) எண் ஏறியது, வரம்புக்குள்தான் நிற்கிறது.

டாப்பெட் செட்டிங்கை (வால்வை அழுத்தும் இடத்தில் விடும் சிறு இடைவெளியை) மட்டும் ஸ்டாக் வண்டியை விட அடிக்கடி பார்க்கிறேன். வால்வு கவரைத் திறக்கும்போதெல்லாம் லோபுகளில் கோடு, குழி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். இதுவரை சுத்தம். ஃபீலர் கேஜில் கம்பெனி அளவை வைக்கக் கூடாது, கேம் கார்டில் போட்டிருக்கும் கிளியரன்ஸையே வைக்க வேண்டும். வெளியூரில் வேறு மெக்கானிக்கிடம் விட்டால் அவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை என்பதால், இன்டேக், எக்ஸாஸ்ட் கிளியரன்ஸ் எண்கள் இரண்டையும் வால்வு கவர் மேலேயே பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.