பிபிசி மைக்ரோ மாடல் பி: திரை விழுங்கும் 20 கே

1980களின் வீட்டுக் கம்ப்யூட்டரான பிபிசி மைக்ரோவில் பழைய மாடல் பி ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கீபோர்டு, பேசிக் மொழி, வேகம் எல்லாமே அருமை. தலைவலி ஒன்றுதான். 32 கே (கிலோபைட்) மெமரியில் திரைக்கும் புரோகிராமுக்கும் ஓயாத பங்காளிச் சண்டை.

மோட் என்பது திரையின் காட்சி முறை. அதில் 0, 1, 2 மூன்றும் ஆளுக்கு 20 கே கேட்கும். மெமரி முகவரிக் கணக்கில் திரை 12,288-இல் தொடங்கி 32,767 வரை படுத்துக்கொள்ளும். புரோகிராம் சேமிக்க டேப் மட்டும் என்றால் பேசிக் புரோகிராம் 3,584-இல் தொடங்கும். 8,704 பைட் மிஞ்சும். டிஸ்க் சேர்த்தால் தொடக்கம் 6,400-க்கு ஏறி, மிச்சம் வெறும் 5,888. புரோகிராம், வேரியபிள், ஸ்டாக் (ஓடும்போது தற்காலிகமாகக் குறித்துவைக்கும் இடம்) எல்லாம் அதற்குள். செலவு செய்து டிஸ்க் வைத்தவருக்கு இடம் குறைவது எந்த ஊர் நியாயம்?

அந்த 2,816 பைட்டை மீட்க வழி உண்டு. புரோகிராமை லோட் செய்துவிட்டு டேப்புக்கு மாறுங்கள். ஒரு ஃபார் லூப்பில் நான்கு நான்கு பைட்டாக 3,584-க்கு நகர்த்தி, புரோகிராமின் தொடக்கத்தைச் சொல்லும் பேஜ் மதிப்பையும் 3,584 ஆக்கி, ஓல்டு, ரன் என்று கட்டளை கொடுங்கள். இதை ஒரு ஃபங்ஷன் கீயில் வைத்துக்கொள்வது நல்லது. அதற்குப் பிறகு டிஸ்க் பக்கம் போகவே கூடாது. டிஸ்க் சிஸ்டம் தன் வேலைக்கு வைத்திருக்கும் இடம் அது. புரோகிராம் மேலேயே எழுதிவிடும்.

அரேயிலும் (எண்களின் வரிசைப் பட்டியல்) சிக்கனம் வேண்டும். 0 முதல் 500 வரை சாதாரண அரே 2,505 பைட் தின்னும். சதவீதக் குறி போட்ட முழு எண் அரே 2,004. மதிப்புகள் 255-ஐத் தாண்டாது என்றால் பைட் பிளாக்காக ஒதுக்குங்கள், 501-இல் முடிந்துவிடும். புரோகிராமை இரண்டாக உடைத்துச் செயின் செய்தால், அதாவது முதல் பாதியே அடுத்ததை லோட் செய்து ஓட்டினால், ஏ% முதல் இசட்% வரை உள்ள மதிப்புகள் அழியாமல் அடுத்த பாதிக்குப் போகும். புரொசீஜருக்குள் மோட் மாற்றினால் மட்டும் 'பேட் மோட்' பிழை வரும். மெமரியில் ஸ்டாக் திரைக்கு நேர் கீழே இருப்பதால், திரையின் எல்லையை அப்போது நகர்த்த முடியாது.

ஆனால் நியாயமாகப் பேச வேண்டும். இதில் ரேம் 4 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, பிராசசர் 2-இல். திரையும் பிராசசரும் ரேமை முறை வைத்து எடுத்துக்கொள்வதால் திரைக்காகப் பிராசசர் காத்திருப்பதே இல்லை. அக்காலப் போட்டிக் கம்ப்யூட்டரான ஸ்பெக்ட்ரமில் படம் வரையப்படும் நேரத்தில் கீழ் 16 கே ரேமில் ஓடும் கோட் இழுத்துக்கொண்டு நிற்கும்.

அப்புறம் மோட் 7. ஒரே 1 கே-யில் 40க்கு 25 எழுத்து, ஏழு நிறம். டெலிடெக்ஸ்ட் சிப் (டிவியில் எழுத்துப் பக்கம் காட்டும் வகை) எழுத்தை மழுமழுவென்று வரையும்; மணிக்கணக்கில் பார்த்தாலும் கண் வலிக்காது. இதற்கும் கணக்கு உண்டு: ஒவ்வொரு நிறக் குறியும் ஓர் எழுத்தின் இடத்தைப் பிடிக்கும். நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து வேண்டுமா? 132, 157, 131 என்று மூன்று கட்டம் போய், வரிக்கு 37 எழுத்துதான். அடுத்த வரியில் நிறம் மறந்துவிடும், மறுபடி போட வேண்டும். இரட்டை உயரத்துக்கு 141 போட்டு, அதே வரியைக் கீழேயும் ஒருமுறை அச்சிட வேண்டும். மோட் 7 மட்டும் குப்பையாகத் தெரிந்து மற்ற மோட்கள் சரியாக இருந்தால், அந்த எஸ்ஏஏ5050 சிப்பைச் சாக்கெட்டிலிருந்து கழற்றி மாட்டிப் பாருங்கள்.

கிராபிக்ஸ்தான் வேண்டும் என்றால் 1986-இல் வந்த பிபிசி மாஸ்டர் 128 எடுங்கள். அதில் மோட் 130 கொடுத்தால் மோட் 2 படமே திரைக்கென்று தனியாக உள்ள ஷேடோ ரேமில் போய் உட்காரும். பேசிக்குக் கிட்டத்தட்ட 28 கே கிடைக்கும். இவ்வளவு திட்டிய பிறகும், இரண்டும் ஒரே விலைக்கு வந்தால் என் கை மாடல் பி பக்கம்தான் போகும்.