கிகேடா, ஆல்டியமா? 90 ஓம் கேட்கும் போர்டுக்கு எது?

வண்ணார்பேட்டை மாடியறையில் உட்கார்ந்து மின்சுற்றுப் போர்டு வரைகிறவன் நான். கிகேட், ஆல்டியம் இரண்டும் அதற்கான மென்பொருள்கள். யூஎஸ்பி ஜோடித் தடத்துக்கு 90 ஓம் மின்மறுப்பு (வேகமான சிக்னலுக்குத் தடம் காட்டும் எதிர்ப்பு) வேண்டும் என்றால்தான் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிறது.

ஆல்டியத்தில் லேயர் ஸ்டாக்கிலேயே, அதாவது போர்டின் அடுக்குகளை விவரிக்கும் இடத்திலேயே, 90 என்று சொல்லிவிடலாம். அடுக்கின் தடிமனை வைத்துத் தடத்தின் அகலத்தை அதுவே கணக்கிடும். ரூட்டிங் விதியும் அதையே எடுத்துக்கொள்ளும். ஸ்டாக்கை மாற்றினால், பழைய தடங்களை டிஆர்சி என்ற விதிச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

கிகேட் 8-இல் கணக்கு தனி, போர்டு தனி. கால்குலேட்டரில் வந்த எண்ணை நெட் கிளாஸில் (நெட் என்பது ஒரு மின் இணைப்பு; ஒரே விதி கொண்ட நெட்டுகளின் தொகுப்பு இது) நாமே எழுத வேண்டும். தடிமன் மாறினால் மறுபடியும் முதலிலிருந்து. சின்ன வேலை என்று நினைக்காதீர்கள்: 1.6 மி.மீ. இரட்டை அடுக்குப் போர்டில் ஒற்றை 50 ஓம் தடம் ஏறக்குறைய 3 மி.மீ. அகலம், கிரவுண்டு அடுக்கு 0.2 மி.மீ. கீழே இருந்தால் 0.4-க்கும் குறைவு.

பெயரிலும் ஒரு வம்பு. டிபி, டிஎம் என்று நெட்டுக்குப் பெயர் வைத்துவிட்டு, கிகேட் ஏன் ஜோடியாக இழுக்கவில்லை என்று ஒரு மாலை முழுக்க முழித்தேன். அதற்கு ஜோடியின் பெயர்கள் P, N எழுத்துகளில் அல்லது கூட்டல், கழித்தல் குறியில் முடிய வேண்டும். ஆல்டியத்தில் எந்த இரண்டு நெட்டையும் கையால் ஜோடி சேர்க்கலாம்.

இருந்தாலும் என் கணினியில் இருப்பது கிகேட்தான். காசு கேட்பதில்லை, மாதம் ஒரு யூஎஸ்பி போர்டுக்குக் கால்குலேட்டரே போதும். டிடிஆர் என்ற வேகமான நினைவகம் வைத்த போர்டு வந்தால் அப்புறம் பார்ப்போம்.