பண்ணவாடி போக எந்த வண்டி: எக்ஸ்பல்ஸா, ஹிமாலயனா?

மே மாசம் மேட்டூர் டேம்ல தண்ணி இறங்கினதும் பண்ணவாடி பக்கம் டெண்ட் அடிச்சு தங்கி, காஞ்சு கிடக்கற நீர்ப்பிடிப்புல வண்டி ஓட்டணும், அதுக்காகவே ஹீரோவோட எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக் எடுத்தேன். கூட வர்ற மச்சான்கிட்ட ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. ரெண்டையும் மாத்தி மாத்தி ஓட்டியிருக்கோம், அந்த தைரியத்துலதான் இதை எழுதறேன்.

முன் வீல் ரெண்டுலயும் 21 இன்ச், கிரவுண்ட் கிளியரன்ஸ் ரெண்டுமே 220 மிமீ, ஸ்போக் வீல், டியூப் டயர். அதனால கருவேல முள்ளு ரெண்டு பேரையும் ஒரே மாதிரிதான் கவனிக்கும், பஞ்சர் கிட் கட்டாயம். ஓமலூர், மேச்சேரி, மேட்டூர், கொளத்தூர்னு தார் ரோட்ல போற வரைக்கும் ஹிமாலயன்தான் சொகுசு, சந்தேகமே இல்ல. எக்ஸ்பல்ஸ் 90 தாண்டினா இன்ஜின் கத்த ஆரம்பிச்சிடும், சீட்டும் கொஞ்சம் ஒல்லி.

ரோட்டை விட்டு இறங்கினதும்தான் கதையே மாறுது.

எல்லாரும் பாக்க போறது ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி. 1934ல அணை கட்டி முடிச்சப்ப முழுகிப்போன கோயில், 120 அடி முழு மட்டத்துலருந்து தண்ணி மட்டம் 70 அடி வாக்குக்கு இறங்கினா நந்தி வெளிய தெரியும். அது வரைக்கும் போற நிலம் இருக்கே, கரையோரம் மண்ணு பாளம் பாளமா வெடிச்சு கெட்டியா இருக்கும், சில இடத்துல எள்ளு, கம்பு போட்டிருப்பாங்க (அதுல வண்டிய விடாதீங்க, அவங்க பொழப்பு அது), தண்ணிய நெருங்க நெருங்க மேல பொருக்கு தட்டி அடியில கொழகொழன்னு வண்டல். பாக்க காஞ்ச மாதிரியே இருக்கும், முன் வீல் பொதக்குன்னு உள்ள போயிடும், வண்டி சாயும். யார் ஓட்டினாலும் சாயும்.

இங்கதான் வெயிட்டு. எக்ஸ்பல்ஸ் 158 கிலோ வாக்குல, ஹிமாலயன் 199. நடுவுல இருக்கற 40 கிலோ, ரெண்டு 20 லிட்டர் தண்ணி கேன் கனம். அதுக்கு மேல டெண்ட், ஸ்டவ், குடிதண்ணின்னு நாம கட்டற சாமான் வேற. சாஞ்ச வண்டிய கியர்ல போட்டு, ஹேண்டில முழுசா திருப்பி, சீட்டுல முதுகு கொடுத்து, பின்னாடி பின்னாடி நடந்து தூக்கணும். எக்ஸ்பல்ஸ இப்படி நான் ஒருத்தனே தூக்கிடுவேன். ஹிமாலயன் கெட்டி தரையில எந்திரிக்கும், வண்டல்ல நம்ம காலே வழுக்கும்போது ரெண்டு பேர் வேணும், லக்கேஜை அவுத்தாதான் அசையும். சேலம் வெயில் 40 டிகிரி தொடற நாள்ல, நிழலுக்கு ஒரு மரம் இல்லாத இடத்துல இப்படி மூணு தடவை தூக்கினா கொண்டுபோன தண்ணி பாதி காலி, அதுக்கப்புறம் ஓட்டற ஆசையே போயிடும். சைடு ஸ்டாண்டும் அப்படித்தான், ஹிமாலயனுக்கு அடியில தட்டையா ஒரு கல்லு வைக்காம விட்டா டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள படுத்துக்கும்.

ரெண்டுக்குமே டயர் காத்தை 20 பிஎஸ்ஐ வாக்குல இறக்கிக்கோங்க, திரும்ப ஏத்த கைப்பம்ப் வேணும். காலைல ஒன்பது மணிக்குள்ள ஓட்டி முடிச்சிடுங்க. டெண்ட் தண்ணி ஓரமா வேண்டாம், காவிரியில முதலை இருக்கு. பாலமலை பக்கம் காட்டுக்குள்ள தங்கறதுக்கு ஃபாரஸ்ட்காரங்க அனுமதி இல்லாம போகாதீங்க.

ரீசேல் பத்தி கேக்காதீங்க, நான் இன்னும் விக்கல. ஆளை பின்னாடி உக்கார வச்சு ஏற்காடு 20 கொண்டை ஊசி ஏத்தறதுக்கு ஹிமாலயன் இழுவை நல்லாவே இருக்கு, அதையும் சொல்லிடறேன். சமதளத்துல தனியா போற ஆளுக்கு அந்த இழுவை பெருசா உதவாது. மச்சானும் இப்பல்லாம் நந்திகிட்ட போகணும்னா என் சாவியதான் கேக்கறாரு.