வீட்டுக்குள் ஒளித்த ஆன்டெனா: கம்பியா, வளையமா?

சிற்றலை வானொலி கேட்கத் தொடங்கியிருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "வெளியே கம்பி கட்ட வழியில்லை, உள்ளேயே என்ன செய்யலாம்?" நான்கு வருடம் கம்பியிலும் அப்புறம் இரண்டு வருடம் வளையத்திலும் கேட்டிருக்கிறேன். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

என் கம்பி, எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பி, எட்டு மீட்டர். கூரையோரமாக ஓடி, திரைச்சீலைக்குப் பின்னால் இறங்கி ரேடியோவுக்கு வரும். 31 மீட்டர் பேண்டுக்கு, அதாவது அலைநீளம் சுமார் 31 மீட்டராக உள்ள நிலையங்களின் பகுதிக்கு, அது ஏறக்குறைய கால் அலைநீளம். வீட்டுக்கு வந்த யார் கண்ணிலும் பட்டதில்லை.

ஆனால் இரைச்சல்! 49 மீட்டர் பேண்டில் ராத்திரி முழுக்க ஒரே 'கிர்ர்ர்'. பொறுக்க முடியாமல் ஒருநாள் ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்தேன். அறை இருண்டதும் அதுவரை அமுங்கிக் கிடந்த குரல் தெளிவாக எழுந்தது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் அகப்பட்டவை இரண்டு: ஒரு எல்.இ.டி. பல்பு, ஒரு லேப்டாப் சார்ஜர். பல்பை மாற்றினேன். சார்ஜர் ஒயரை, இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் என்ற காந்தப்பொருளால் ஆன சிறு வளையத்தில் ஏழெட்டு சுற்று சுற்றினேன். பாதி அடங்கியது. மீதி பக்கத்து வீட்டிலிருந்து வருவது, அதை நான் எப்படி அணைப்பேன்?

சுவருக்குப் பெயிண்ட் அடிக்கக் கம்பியைக் கழற்றியபோது வளையத்துக்கு மாறினேன். ஒரு மீட்டர் விட்டத்தில் செம்புக் குழாய், முனைகளுக்கு நடுவே, திருகி ட்யூன் செய்ய ஒரு கேங் கண்டென்சர், உள்ளே ஐந்தில் ஒரு பங்கு அளவில் சிறு வளையம், அதிலிருந்து ரேடியோவுக்குக் கேபிள். இதுவும் திரைச்சீலைக்குப் பின்னால்தான். வளையத்தின் வாய் இரைச்சல் வரும் திசையைப் பார்க்கும்படி மெல்லத் திருப்பினால், ஓரிடத்தில் 'கிர்ர்ர்' அப்படியே அமுங்கிவிடும். வானத்திலிருந்து சாய்வாக இறங்கும் நிலையத்தின் சிக்னல் அந்த அளவுக்குக் குறையாது. முதல் தடவை அதைக் கேட்டபோது கையை எடுக்கவே மனம் வரவில்லை.

தொல்லை அந்தக் கண்டென்சரில் இருக்கிறது. சில பத்து கிலோஹெர்ட்ஸ் நகர்ந்தாலே சிக்னல் சரிந்துவிடும், மறுபடி திருக வேண்டும். சரியாக வைத்துவிட்டுக் கையை எடுத்தால் ட்யூனிங்கும் கொஞ்சம் விலகும். இரண்டு வருடமாகத் தினமும் இதே வேலை. ஏற்கனவே தெரிந்த அலைவரிசைக்குப் போய்க் கேட்கலாம், சரி. ஆனால் டயலைச் சும்மா உருட்டிக்கொண்டே போய், எதிர்பாராமல் ஒரு மெல்லிய குரலில் முட்டி நிற்பது எனக்கு நின்றே போய்விட்டது. நான் சிற்றலைக்கு வந்ததே அதற்காகத்தான்.

சுத்தமான ஒலி வேண்டுமானால் வளையம்தான், சந்தேகமே இல்லை. நண்பருக்கு நான் சொன்னது கம்பி. கழற்றிச் சுருட்டிய என் கம்பி இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு மறுபடி கட்டப் போகிறேன்.