குஞ்சுத் தொட்டி வடிகட்டிக்குப் பழைய ஸ்பாஞ்சா, நைலான் வலையா?

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில், கடலோரமாகக் கொடுவாக் குஞ்சு வளர்க்கிறேன். ஒரு சென்டிமீட்டர் அளவில் வாங்கி, கூண்டுக்காரர்கள் கடலில் விடுகிற அளவுக்கு வளர்த்துக் கொடுப்பதுதான் தொழில். தொட்டித் தண்ணீரைச் சுற்றவிட்டுத் திரும்பப் பயன்படுத்துவதால், வடிகட்டி இல்லாமல் ஒரு நாள் தாங்காது. மீன் கழிவில் வரும் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா குடியிருக்க ஏதாவது ஒரு பொருள் வேண்டும். அந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பதில்தான் இரண்டு வருடம் அல்லாடினேன்.

என் முன்னால் இருந்தவை மூன்று. பழைய வண்டி சீட்டிலிருந்து பிரித்த ஸ்பாஞ்ச், மீன் தொட்டிக் கடையில் விற்கும் ஸ்பாஞ்ச், கழிந்த நைலான் வலையைச் சுருட்டிக் கட்டிய கட்டு. பவளக் கல்லைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மன்னார் வளைகுடாவில் அதை எடுப்பது சட்டப்படி குற்றம்.

விலையில் பழைய ஸ்பாஞ்சை எதுவும் அடிக்க முடியாது. பாக்டீரியா சீக்கிரம் பிடிப்பதும் ஸ்பாஞ்சில்தான். கடை ஸ்பாஞ்ச் நன்றாக இருக்கிறது, ஆனால் என் தொட்டி அளவுக்கு வாங்கினால் கட்டுப்படியாகாது. வீட்டில் அலங்கார மீன் வளர்ப்பவர்கள் தாராளமாக அதையே வைத்துக்கொள்ளலாம். ஆக, எனக்குப் போட்டி ஸ்பாஞ்சுக்கும் வலைக்கும்தான்.

முதலில் ஸ்பாஞ்சையே வாங்கினேன். “பஸ் சீட்டுது தம்பி, நல்லாக் கெட்டி, பத்து வருசம் உழைக்கும்” என்றார் பழைய இரும்புக் கடை அண்ணன். கெட்டிதான், பொய்யில்லை. ஆனால் அது சீட்டாக இருந்தபோது தீப்பிடிக்காமல் இருக்க அதில் என்ன கலந்திருந்தார்கள் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பார்த்தாலும் மோந்தாலும் பிடிபடாது. முத்திரையும் கிடையாது.

முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு விஷயம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச் சட்டென்று பற்றிக்கொள்ளும். அதனால் சீட்டு, மெத்தை, சோபாவுக்கான ஸ்பாஞ்சில் தீத்தடுப்பு ரசாயனம் சேர்ப்பது உண்டு. பெரும்பாலும் அது ஸ்பாஞ்சோடு வேதியியல்படி பிணைந்திருக்காது, வெறுமனே கலந்திருக்கும். சாயம் போகிற கைலியை எத்தனை தடவை அலசினாலும் வாளித் தண்ணீர் நிறம் மாறிக்கொண்டே இருக்குமே, அந்த மாதிரி. ஊறவைத்துக் கழுவினால் போய்விடும் என்று நானும் நம்பினேன். வருடக்கணக்கில் கசிகிற பொருளை ஒரு வாரம் ஊறவைத்துத் தீர்க்க முடியாது.

பழைய தலைமுறை ரசாயனம் புரோமின் வகை. பிபிடிஇ என்று சுருக்கிச் சொல்வார்கள். சீக்கிரம் சிதையாத நச்சு ரசாயனங்களை ஒழிப்பதற்கான உலக நாடுகளின் ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் இவற்றில் பென்டா, ஆக்டா வகைகளை 2009இலும், டெக்காவை 2017இலும் சேர்த்தார்கள். இந்தியாவும் 2018இல் விதி கொண்டுவந்து பென்டா, ஆக்டா வகைகளைத் தடை செய்தது. பிபிடிஇ தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. தூசியிலும் வண்டலிலும் ஒட்டிக்கொண்டு மீனின் கொழுப்பில் போய்ச் சேரும், தாய் மீனிலிருந்து முட்டையின் மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்கும் இறங்கும். ஸ்பாஞ்ச் உதிர்ந்தால் குஞ்சுகள் அந்தத் துகளைத் தீனி என்று நினைத்துக் கொத்தும், அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். புரோமின் வகைக்கு மாற்றாக வந்தது பாஸ்பரஸ் வகை. டிடிசிபிபி, டிபிபி என்று பல பெயர்கள். உடம்பில் அவ்வளவு தங்காது என்பது உண்மை. ஆனால் இந்த வகையில் பல தண்ணீரில் இன்னும் எளிதாகக் கசியும். சுற்றுகிற தண்ணீரில் அது எங்கே போகும்?

குஞ்சுக்கு இது ஏன் பெரிய விஷயம் என்றால், தைராய்டு ஹார்மோன். நுண்குஞ்சு மீனாக உருமாறுவதை நடத்துவதே அதுதான். நாக்குமீன் குஞ்சு பொரிந்ததும் மற்ற மீன் போலத்தான் இருக்கும். பிறகுதான் ஒரு கண் தலையைத் தாண்டி மறுபக்கம் நகரும். அந்த மாதிரி மாற்றத்துக்குப் பின்னால் இருப்பது தைராய்டு ஹார்மோன்தான். என் கொடுவாவும் கருத்த குஞ்சாக வந்து, வெளுத்து, சின்னக் கொடுவாவாக மாறுவது என் தொட்டியில் இருக்கும் நாட்களில்தான். பிபிடிஇ மூலக்கூறின் வடிவம் தைராக்சின் என்கிற தைராய்டு ஹார்மோனைப் போலவே இருப்பதால் ஹார்மோனின் வேலைக்குள் குறுக்கிடுகிறது. ஆய்வகத்தில் வரிக்குதிரை மீன் குஞ்சுகளிடம் பார்த்ததில், பிபிடிஇயில் ஒரு வகையான பிடிஇ-47 பட்டவற்றுக்கு முதுகு வளைந்தது, நீந்தும் விதம் மாறியது. டிடிசிபிபி பட்டவற்றில் தைராக்சின் குறைந்தது. டிபிபி பட்ட கருவில் இதயம் ஒழுங்காக வளைந்து உருவாகவில்லை. வளர்ந்த மீனும் தப்பவில்லை. பிடிஇ-47 கலந்த தீனி தின்ற ஃபேட்ஹெட் மின்னோ என்கிற சின்ன நன்னீர் மீன்களில் முட்டையிடுவது நின்றது, விந்தணு குறைந்தது.

இந்த ஆய்வுகளில் பலவற்றில் கொடுத்த அளவு, கடலில் சாதாரணமாக இருப்பதைவிட அதிகம். முதல் வருடம் என் தொட்டியிலும் முதுகு வளைந்த குஞ்சுகள் வந்தன. ஸ்பாஞ்ச்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தீனியில் வைட்டமின் சி குறைந்தாலும், காற்றுப்பை சரியாக நிரம்பாவிட்டாலும் முதுகு வளையும். தண்ணீரைப் பரிசோதனைக்கும் அனுப்பவில்லை. ஆனால் உருமாறுகிற அந்தச் சில வாரங்களில் சந்தேகமுள்ள பொருளைத் தண்ணீரில் போட்டுவைக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம்தான் வலைக்கு மாறினேன். தீத்தடுப்பு மருந்து போட வேண்டிய தேவை மீன் வலைக்கு இல்லை. பாசி பிடிக்காமல் இருக்க மருந்து தோய்த்த கூண்டு வலையை மட்டும் தொடக் கூடாது. நன்னீரில் அலசி, வெயிலில் காயவைத்து, சுருட்டிக் கட்டி, மேலே ஒரு கூடை சிப்பி ஓடு போடுகிறேன். பாக்டீரியா பிடிக்க ஸ்பாஞ்சைவிட இரண்டு வாரம் கூடுதலாக ஆகிறது. அதுவரை குஞ்சைக் குறைவாக விட வேண்டும், தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும். இடமும் அதிகம் பிடிக்கும். வலையை வைத்து இரண்டு முறைதான் குஞ்சு வளர்த்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் கலங்கும்போது வலை எப்படித் தாங்கும் என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். வாளி, டிரம் வாங்குவதிலும் இப்போது ஒரு கவனம் வந்திருக்கிறது. பழைய டிவிப் பெட்டியும் கம்ப்யூட்டரும் உருக்கிய பிளாஸ்டிக்கில் புரோமின் வகை கலந்திருக்கலாம் என்பதால், மலிவான கறுப்புத் தொட்டியை விட்டுவிட்டு உணவுப் பொருள் வந்த நீல டிரம்மையே எடுக்கிறேன்.

கழற்றிய ஸ்பாஞ்சை என்ன செய்வது என்பதுதான் பாக்கி. புரோமின் கலந்த ஸ்பாஞ்சை எரித்தால் டையாக்சின் போன்ற நச்சு கிளம்பும். கடற்கரையில் கொட்டினால் மறுபடி மீனுக்கே போகும். இரண்டு சாக்கில் கட்டி, கொட்டகை மூலையில், மழை படாத இடத்தில் வைத்திருக்கிறேன்.