‘ஒட்டுத் தென்னை’ என்று வண்டியில் வரும் கன்றுகளை வாங்காதீர்கள்: எங்கள் தோப்பில் நடந்தது

கன்று வைக்கிற பருவம் நெருங்குகிறது. தென்னங்கன்றும் மாங்கன்றும் ஏற்றிக்கொண்டு குட்டியானை வண்டிகள் ஊர் ஊராகச் சுற்ற ஆரம்பித்துவிட்டன. போன வாரம் எங்கள் தெருமுனையில் ஒரு வண்டி நின்றது. "ஒட்டுத் தென்னை, மூணு வருஷத்துல காய்" என்று ஒலிபெருக்கியில் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. 2019 ஆடியில் இதே சொல்லை நம்பித்தான் நான் ஏமாந்தேன். பணம் போனால் திரும்பச் சம்பாதிக்கலாம். ஆறு வருஷத்தை யாரிடம் போய்க் கேட்பது?

நான் பிறந்தது திருவையாற்றுப் பக்கம். காவிரிப் படுகையில் வாழை போடுகிற குடும்பம். வாக்கப்பட்டது பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே, புதாற்றுப் பாசனத்தில் கடைமடை ஊர். இங்கே எல்லாம் தென்னைதான். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்தபோது எங்கள் ஒரு ஏக்கர் தோப்பில் எழுபது மரம் நின்றது. விடிந்து பார்த்தபோது எட்டு மரம்தான் மிச்சம். எல்லாம் மாமா கையால் வைத்தவை. அவர் அன்றைக்கு முழுக்கத் திண்ணையை விட்டு எழவில்லை. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்தி, அடிக்கட்டையைத் தோண்டி, மூன்றடிக்கு மூன்றடி குழி எடுத்து ஆறப்போட்டது எல்லாம் என் பொறுப்பில்தான் நடந்தது. அந்த நேரம் நல்ல கன்றுக்கு எங்கும் தட்டுப்பாடு. அரசுப் பண்ணையில் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். நான் காத்திருக்கவில்லை. அங்கேதான் தப்பு ஆரம்பித்தது.

வண்டிக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். இடுப்பு உயர மரம், தரையைத் தொடுகிற மாதிரி குலை குலையாகக் காய், பக்கத்தில் ஒரு அம்மா நின்றபடியே பறிக்கிறார். "இதுதான்க்கா தாய் மரம். வண்டியில இருக்கறதெல்லாம் இதோட கன்னுதான். ஒட்டுத் தென்னை. மூணே வருஷத்துல பாளை விட்டுரும்" என்றார். கன்று ஒன்று 250 ரூபாய். கழுத்துப் பகுதி தடியாக, இலை ஆறேழு விரிந்து, பார்க்க அருமையாக இருந்தது. 62 கன்று, 15,500 ரூபாய். கூடவே பங்கனப்பள்ளி ஒட்டு மாங்கன்று ஆறு.

தாய் மரத்தைக் காட்டியதும் நான் ஏன் நம்பினேன் என்று பிறகு பல நாள் யோசித்தேன். வாழைக்காட்டில் வளர்ந்தவள் நான். வாழையில் தாயைப் பார்த்தால் போதும். எங்கள் அப்பா பூவன் தாரைப் பார்ப்பார், அந்தத் தூரைச் சுற்றி நிற்கிற மரங்களைப் பார்ப்பார், பிறகு ஈட்டிக் கன்றாகப் பார்த்துக் கடப்பாரையால் பெயர்ப்பார். மண்ணுக்கடியில் இருக்கிற கிழங்கின் கண்ணிலிருந்து வருகிற கன்று அது. பூவுக்கும் மகரந்தத்துக்கும் அதில் வேலையே இல்லை. பழம் உண்டாவதற்குக்கூட அங்கே மகரந்தம் சேர வேண்டியதில்லை. வாழைப்பழத்தைக் குறுக்கே நறுக்கினால் நடுவில் சின்னச் சின்னக் கரும்புள்ளி தெரிகிறதே, அவை வித்தாகாமலே நின்றுபோனவை. வாழைக் கன்றுக்கு அப்பன் கிடையாது. தாய் எப்படியோ பிள்ளை அப்படியே. வாழையடி வாழை என்று வாழ்த்துவது சும்மா இல்லை. கெட்டதும் அதே வழியில்தான் வரும். முடிக்கொத்து நோய் பிடித்த தூரில் எடுத்த கன்று அந்த நோயோடுதான் வரும். அதனால்தான் அப்பா பக்கத்து மரங்களையும் பார்ப்பார்.

அந்தக் கணக்கைத் தென்னைக்குப் போட்டேன். தென்னைக்கு அது செல்லாது.

நட்டு ரெண்டு வருஷத்தில் 9 கன்று பட்டுப்போனது. அது எல்லாத் தோப்பிலும் நடக்கிறதுதான். மிச்சம் 53. மூன்றாம் வருஷம் பாளை வரவில்லை. நாலாம் வருஷமும் இல்லை. "உரம் பத்தலைம்மா" என்றார் மாமா. தொழு உரம், வேப்பம்பிண்ணாக்கு, பொட்டாஷ் என்று வருஷம் ரெண்டு தடவை வைத்தோம். இன்றைய தேதிக்கு 19 மரம் பாளை விட்டிருக்கிறது. அதில் ஏழில்தான் காய் நிற்கிறது. சில மரம் குட்டையாகவும் சில மரம் விறுவிறுவென்று உயர்ந்தும் போகின்றன. ஒரு மரத்தின் காய் நீள உருண்டை, அடுத்த மரத்தில் கைக்கு அடங்குகிற குட்டிக்காய். ஒரே தாயின் பிள்ளைகள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

போன வருஷம் பொறுக்க முடியாமல் வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன். பட்டுக்கோட்டைப் பக்கத்திலேயே இருக்கிறது. முதலிலேயே போயிருக்க வேண்டிய இடம். அங்கே இருந்த அதிகாரி என்னை ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போய், புதிதாக வெடித்த பாளை ஒன்றை இறக்கச் சொல்லிக் கையில் கொடுத்தார். இத்தனை வருஷம் தென்னந்தோப்பில் இருக்கிறேன், ஒரு பாளையை இப்படிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்ததில்லை. ஈர்க்கு மாதிரி நீண்ட கிளைகள். அதில் நுனியிலிருந்து அடிவரை நெல்மணி போல நெருக்கமாக ஆண் பூக்கள், ஆயிரக்கணக்கில். லேசாகத் தட்டினாலே மஞ்சள் பொடி விரலில் ஒட்டுகிறது. கிளையின் அடிப்பக்கத்தில் மட்டும் பொத்தான் மாதிரி உருண்டையாக ஒன்றிரண்டு. "இதுதாம்மா பெண் பூ. இதுதான் குரும்பையாகித் தேங்காய் ஆகும்" என்றார்.

அப்புறம் அவர் சொன்னது எனக்குக் கண்ணைத் திறந்தது. நெட்டை மரத்தில் ஒரு பாளையின் ஆண் பூக்கள் முதலில் விரிந்து, ரெண்டு மூணு வாரத்தில் கொட்டி முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் அதே பாளையின் பெண் பூ மகரந்தம் ஏற்கிற பதத்துக்கு வரும். ஆகவே பெரும்பாலும் அதற்குச் சொந்த மகரந்தம் கிடைக்காது. காற்றும் தேனீயும் வேறு மரத்திலிருந்து கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒரே குலையில் இருக்கிற பத்துக் காய்க்குப் பத்து அப்பன் இருக்கலாம். குட்டை ரகத்தில் ரெண்டு பூவும் ஒரே சமயத்தில் பதமாக இருப்பதால் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். அதனால் குட்டையின் பிள்ளை பெரும்பாலும் குட்டையாகவே வரும்.

ஒட்டு ரகம் என்று அவர்கள் சொல்வது இந்த ரெண்டையும் ஆள் கையால் சேர்ப்பது. தாய் மரத்துப் பாளையில் ஆண் பூவை ஒன்று விடாமல் உருவிவிடுகிறார்கள். அந்நிய மகரந்தம் புகாமல் பை போட்டுக் கட்டுகிறார்கள். பெண் பூ பதம் வருகிற நாளில், எடுத்துவைத்த அப்பன் மரத்து மகரந்தத்தைத் தூவுகிறார்கள். ஒரு பாளைக்காக ஒரு ஆள் திரும்பத் திரும்ப மரம் ஏற வேண்டும். காய் முற்ற ஒரு வருஷம், கன்றாக இன்னொரு வருஷம். வேப்பங்குளத்தில் உருவான வி.எச்.சி. 1, 2, 3 ஆகிய மூன்று ஒட்டு ரகத்துக்கும் தாய் கிழக்குக் கடற்கரை நெட்டை. அப்பன் மலேயக் குட்டை. முதலாவதற்குப் பச்சை, ரெண்டாவதற்கு மஞ்சள், மூணாவதற்கு ஆரஞ்சு. இவ்வளவு வேலை பிடிக்கிற கன்று வண்டி நிறைய எப்படிக் கிடைக்கும் என்று நான் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"உங்களுக்குக் காட்டின மரம் நிஜமாவே ஒட்டு ரகமா இருக்கலாம்மா. ஆனா அதுல பறிச்ச காயைப் போட்டு முளைக்க வெச்சா அது ஒட்டு ரகம் இல்லை" என்றார் அவர். தாயும் தகப்பனும் தெரிந்து சேர்த்த முதல் தலைமுறையில்தான் அந்த வீரியம். அதன் பிள்ளைகளில் பாட்டன் பாட்டி குணமெல்லாம் பிரிந்து கலைந்து வரும். வீரிய ஒட்டுக் கத்திரி போட்டவர்களுக்கு இது தெரியும். அந்தப் பழத்து விதையை எடுத்து மறுவருஷம் போட்டால் செடிக்குச் செடி வேறு வேறாகக் காய்க்கும். கத்திரி என்றால் மூணு மாசத்தில் தெரிந்துவிடும், பிடுங்கிப் போடலாம். தென்னை அப்படி இல்லையே. நம் நெல்லில் இந்தத் தொல்லை கிடையாது. நெற்பூ காலையில் கொஞ்ச நேரம் வாய் திறந்து மூடுவதற்குள் தன் மகரந்தமே தன்னில் விழுந்துவிடுகிறது. அதனால்தான் ஆடுதுறை நெல்லைக் களத்திலிருந்தே விதைக்கு எடுத்துவைக்க முடிகிறது. நெல், வாழை, தென்னை மூன்றும் ஒரே ஆற்றுத் தண்ணீர் குடிக்கின்றன. பிள்ளை பெறுகிற வழி மூன்றுக்கும் வேறு.

இதில் ஏமாற்றுக்கு வழிவிட்டது ‘ஒட்டு’ என்ற ஒரே சொல்தான் என்று நினைக்கிறேன். ஒட்டுக் கன்று என்றால் மாவில் செய்வது. வேர்ச்செடியின் மேல் நல்ல ரகத்துக் குச்சியை வைத்துக் கட்டுவது. அந்தக் குச்சி தாய் மரத்தின் துண்டு, வாழைக் கன்று மாதிரி தாயே அது. ஒட்டு ரகம் என்றால் ரெண்டு மரத்துப் பூவைச் சேர்த்து விதை எடுப்பது. முதலாவதில் பூவே தேவையில்லை. ரெண்டாவதில் பூதான் எல்லாம். தென்னையில் முதல் வகை ஒட்டு செய்யவே முடியாது. மாங்கொம்பின் பட்டையை நகத்தால் உரித்துப் பாருங்கள், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஈரமாக வழுக்குகிற மெல்லிய படலம் இருக்கும். அதுதான் ரெண்டு தண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. தென்னையில் அந்தப் படலமே இல்லை, உள்ளே நார் நாராகச் சிதறிக் கிடக்கும். என்னிடம் விற்றவர் ஒட்டு, ஒட்டு என்று மட்டும் சொன்னார். எந்த ஒட்டு என்று நானும் கேட்கவில்லை.

மாங்கன்று விஷயம் இதைவிடக் கேவலம். ஆறு கன்றிலும் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பாலித்தீன் பட்டை சுற்றியிருந்தது. வருஷம் கழித்துத் தண்டை இறுக்குகிறதே என்று பிளேடால் அறுத்து எடுத்தேன். உள்ளே ஒட்டு இல்லை. கத்தியால் ஒரு கீறல் போட்டு அதன்மேல் பட்டையைச் சுற்றியிருக்கிறார்கள். கீறல் ஆறிப்போய் வெறும் தழும்பாக இருந்தது. சரியான ஒட்டில் அந்த இடம் கொஞ்சம் புடைத்திருக்கும், சாய்வாக ஒரு இணைப்புக் கோடு ஓடும், கோட்டுக்கு மேலும் கீழும் பட்டையின் நிறமே மாறித் தெரியும். என்னுடையதில் மேலிருந்து கீழ்வரை ஒரே தண்டு, கொட்டை போட்டு முளைக்க வைத்தது. ஆறும் நிற்கின்றன, ஒன்றுகூட இன்னும் பூக்கவில்லை. பூத்தாலும் பங்கனப்பள்ளியாக வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

வேப்பங்குளத்திலிருந்து வந்த கையோடு அந்த ஆளுக்குப் போன் போட்டேன். எண் இன்னும் வேலை செய்தது. "ஒட்டு மரத்துக் கன்னுன்னுதானேக்கா சொன்னேன்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. வேளாண்மை விரிவாக்க மையத்தில் போய்ச் சொன்னபோது ரசீது கேட்டார்கள். என்னிடம் இருந்தது கோடு போட்ட நோட்டில் கிழித்த ஒரு துண்டுக் காகிதம். "தெ. ஒட்டு 62", கீழே தொகை. பெயர் இல்லை, ஊர் இல்லை, ரகம் இல்லை, உரிம எண் இல்லை. இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று அவர்கள் சொன்னது நியாயம்தான். கன்று விற்க விதை உரிமம் வேண்டும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். தென்னை என்றால் தாய் எது, அப்பன் எது என்று ரெண்டு பெயரும் சொல்லச் சொல்லுங்கள். தாயை மட்டும் படம் காட்டினால் நகர்ந்துவிடுங்கள். கழுத்துத் தடிமனும் இலை எண்ணிக்கையும் கன்று ஆரோக்கியமா என்று மட்டும்தான் சொல்லும், பரம்பரையைச் சொல்லாது. மட்டைக் காம்பின் நிறத்தையும் பாருங்கள். என் 62 கன்றில் பச்சை, ஆரஞ்சு, பழுப்பு எல்லாம் கலந்து இருந்தது. "கலர் கலரா இருந்தாத்தான் ஒட்டு" என்றார் வண்டிக்காரர். அத்தனை நிறம் கலந்து வந்தபோதே சந்தேகப்பட்டிருக்கலாம் என்று வேப்பங்குளத்தில் சொன்னார்கள். மாங்கன்றில் பட்டையை ஒரு கன்றிலாவது அவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். ரசீதில் ரகத்தின் பெயரும் உரிம எண்ணும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஒட்டு ரகம் கிடைக்கவில்லையா, நம்பகமான பண்ணையில் நல்ல நெட்டைக் கன்றாக வாங்கி வையுங்கள். காய்க்க அஞ்சாறு வருஷம் ஆனாலும் என்ன வருகிறது என்று தெரிந்து காத்திருக்கலாம்.

2019-ல் எங்கள் வட்டாரத்தில் அந்த வண்டியில் வாங்கியவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள். மரம் மரமாகப் போய்ப் பாருங்கள், மட்டை நிறமும் காய் வடிவமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று. இன்னும் உரம் வைத்துக் காசைக் கரைக்க வேண்டாம்.

பாளை விடாத 34 மரத்துக்கும் சுண்ணாம்பால் கோடு போட்டிருக்கிறோம். அரசுப் பண்ணையில் பதிந்தாகிவிட்டது, கன்று வந்ததும் அவற்றை எடுத்துவிட்டு வைக்க வேண்டும். வெறும் ஆண் பூவாகவே கொட்டுகிற மூணு மரத்துக்கும் கோடு போடச் சொன்னேன். மாமா இன்னும் சம்மதிக்கவில்லை. "இன்னொரு பாளை பாத்துருவோம்மா" என்கிறார்.